ஒன்பது ஏழுமலையும் ஒரு பிளாப்பியும்

அம்மன் கோயில் சுவரில் நான் ஒட்டிய காகிதத்தில் கோந்துகூட இன்னும் காயவில்லை. பெரியதனக்காரர் அதைப் பிய்த்துக் கசக்கி என் மார்பில் எறிந்தார். காகிதம் கீழே விழவில்லை. சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

“ஊர்ல ஒம்போது ஏழுமல கீறான். உன் பேப்பர்ல ஒரே ஏழுமல. அந்த ஒருத்தன் யார்ரா? நீதான?”

என் பெயர் ஏழுமலை என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஊர்த் தலைவரான அந்தப் பெரியதனக்காரர் பெயரும் ஏழுமலைதான். அவர் தோளுக்குப் பின்னால் நின்று எகிறியவன் பெயரும் ஏழுமலை. திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்ற ஊர் எங்களுடையது. வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

“மெஷின வெச்சி எட்டு பேரு பாட்ட முழுங்கிட்டான்!” என்று ஒருவன் கத்தினான்.

“முழுங்கணும்னா உன் எதிர்ல நின்னு முழுங்குவேன்டா. பேப்பர்ல ஒளிஞ்சிக்கினு முழுங்க மாட்டேன்” என்றேன்.

மீசை கறுப்பாக இருந்த காலம். வாய் இப்போது இருப்பதைவிடப் பெரிசு.

தீர்ப்பு அங்கேயே நின்ற நிலையில் சொல்லப்பட்டது. அமாவாசைக்குள் பிழையில்லாத காகிதம் சுவரில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் அந்த வருஷம் எனக்குப் பாடு கிடையாது. கம்ப்யூட்டரை நானே தோணியில் ஏற்றிக்கொண்டு போய் ஏரியில் இறக்கிவிட வேண்டும்.

பாடு என்றால் என்ன என்று ஏரி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் இடம் எல்லா இடமும் இல்லை. முகத்துவாரத்துப் பக்கம் சில இடங்கள்தான் உண்டு. அங்கே எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. ஆகவே முறை வைத்துப் போவார்கள். இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். அந்த முறைதான் பாடு. அதைத் தேதி போட்டு எழுதிய பட்டியல்தான் நான் ஒட்டிய காகிதம். பாடு இல்லாதவனுக்கு ஊர்க் கூட்டத்தில் உட்கார இடம் கிடையாது, திருவிழாவில் வரி கிடையாது. வரி கேட்கவில்லை என்றால் அவனை ஆளாகவே எண்ணவில்லை என்று அர்த்தம்.

காசு இருந்தது எனக்கு. இறால் கொட்டகை இருந்தது. பாடு போனால் என் பிழைப்பு போகாது. என் பெயர் போகும். பாட்டைத் திருடியவன் என்ற பெயர் வரும். என் பெயரை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஐஸ் கரைவதற்குள்

“மூன்றாம் வகுப்போடு நின்றவருக்குக் கம்ப்யூட்டர் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் குறைத்து அளக்கலாமே” என்று பொன்னேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். குறைத்து அளப்பது எனக்குப் பழக்கமில்லை, ஐயா. இறால் தராசில்கூட நான் அப்படிச் செய்ததில்லை.

எழுபதுகளில் நான் சைக்கிளில் மீன்கூடை கட்டிக்கொண்டு பொன்னேரி ரயிலுக்கு ஓடியவன். காட்டூர் தாண்டும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிடும். மீன்தண்ணீர் பின்சக்கரத்தில் ஒழுகிக்கொண்டே வரும். வழியெல்லாம் நாய்கள் கூடவே ஓடிவரும். அதே ஆள், எண்பதுகள் முடியப்போகிற சமயம், ஏரிக்கரையில் சொந்தக் கொட்டகை போட்டு இறால் வாங்கி மெட்ராஸ் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு வியாதி இருந்தது. இறாலோடு தினமும் ஒரு பட்டியல் வேண்டும். எந்தப் படகு, என்ன அளவு இறால், எவ்வளவு எடை. படகு இரண்டு தடவை கரைக்கு வந்தாலும் பட்டியலில் ஒரு தடவைதான் வரவேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் வண்டிக்காரன் வாங்கமாட்டான். நானும் என் மனைவி கன்னியம்மாவும் விரல் விறைக்க எழுதுவோம். நாங்கள் எழுதி முடிப்பதற்குள் பெட்டியில் ஐஸ் கரைந்து தரையில் ஓடும். நேரம் மிச்சம் என்று பட்டணத்தில் சொல்லுவார்கள். எங்களுக்கு அது ஐஸ் மிச்சம்.

அந்தக் கம்பெனியே புது மெஷின் வாங்கியபோது பழையதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பக்கத்தில் ஒரு பிரிண்டர். அது அடித்தால் தகரத்தை அரம் போட்டு அராவுகிற சத்தம். ஆங்கில எழுத்தெல்லாம் எனக்கு இறால் அட்டைப்பெட்டிகள் கற்றுக்கொடுத்தவை. அர்த்தம் தெரியாது. எழுத்து தெரியும். அது போதும் என்று மெஷினும் ஒத்துக்கொண்டது.

கண்ணாடிக்காரர்

மெஷின் வந்தால் ஆயிற்றா? அதற்குள் புரோகிராம் வேண்டுமாம். மெட்ராஸ் ரிச்சித் தெருவில் ஒரு கடையில் விலை கேட்டேன். அவன் சொன்ன விலைக்குப் புதுத் தோணியே கட்டிவிடலாம்.

“அது இல்லாம உங்க மெஷின் வெறும் டப்பா சார்” என்றான்.

“டப்பாவுலயாவது இறால் போடலாம். உங்கிட்ட இன்னா போடறது?” என்று எழுந்துவிட்டேன்.

பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க வந்து நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். தடிமனான கண்ணாடி, ஏதோ ஆபீசில் குமாஸ்தா. பெயரைப் போடக்கூடாது என்பது அவர் கட்டளை. கண்ணாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

“உங்களுக்கு நாலே வேலைதான் சார் ஆகணும். அதுக்கு நாலு சின்ன புரோகிராம் நானே எழுதி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமை பொழுதுபோக்கு. ஒரு பிளாப்பியில போட்டுத் தர்றேன்.”

“எவ்ளோ?”

“ஒண்ணும் வேணாம். வேற யாராவது கேட்டா நீங்களும் காப்பி போட்டுக் குடுங்க. விக்காதீங்க, அவ்வளவுதான்.”

சும்மா கொடுக்கிறவனைக் கண்டால் எனக்கு உடம்பு கூசும். என் வாழ்க்கையில் எனக்கு எவனும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. “உனுக்கு இதுல இன்னா லாபம்?” என்று நேராகவே கேட்டேன்.

“எனக்கும் யாரோ இப்படித்தான் குடுத்தாங்க சார். அவங்க யாருன்னே தெரியாது.”

கடல் பக்கம் கரைவலை இழுக்கும்போது, வழியில் போகிறவன் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவனுக்குக் குழம்புக்கு மீன் உண்டு. எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்கமாட்டோம். இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து முகம் தெரியாத எவனுக்கோ கயிறு இழுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிளாப்பியையும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவரே ரயில், பஸ், தோணி என்று மாறி மாறி எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே எல்லாவற்றையும் மெஷினில் ஏற்றினார். ஒரு புரோகிராம் கூட்டல் போடும். ஒன்று, கேட்ட படகைத் தேடி எடுத்துக் காட்டும். ஒன்று, ஒரே வரி மறுபடி வந்தால் மறுபடி வந்ததை அடித்துவிடும். ஒன்று, வரிசையாகத் தேதி போடும். நான் தனித்தனியாக அலையக்கூடாது என்று, ஓர் எழுத்தைத் தட்டினால் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, காகிதம் வெளியே வரும்படி செய்தார்.

முதல் நாள் வண்டிக்காரன் பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் பட்டியல் அவன் கையில் இருந்தது. ஐஸ் பெட்டியிலேயே இருந்தது. கன்னியம்மா மெஷினுக்குக் குங்குமம் வைத்தாள். கண்ணாடிக்காரருக்குக் கைக்குட்டையை எடுத்தால்தான் சோறு என்று சொல்லி, இறால் தொக்கு போட்டாள். அதற்குப் பிறகு அவர் கைக்குட்டையைத் தேடவேயில்லை.

நைலான் வலைக்கும் இவர்தான்

இங்கே பெரியதனக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. முறைக்கு எனக்கு மாமா. புதுசாக எது வந்தாலும் முதலில் காலால் தள்ளுவார்.

எழுபதுகளில் ஊரில் முதன்முதலாக நைலான் வலை இறக்கியவன் நான். “பருத்தி வலைக்குத்தான் ஏரி மீனு குடுக்கும். இந்த பிளாஸ்டிக்கு நூலுக்கு ஏரி கோச்சிக்கும்” என்று என் தோணியைத் தள்ளவிடாமல் குறுக்கே படுத்தார். நான் இன்னொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனேன். அடுத்த மழைக்காலத்தில் அவர் வீட்டு வாசலில் நைலான் வலை காய்ந்தது. ஏரி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் பாட்டுக் காகிதம் போடுகிறேன் என்று நான் சொன்னபோதும் அதே முகம்தான்.

“சும்மா குடுத்தானாமே? சும்மா குடுக்கறவன் ஊர்ல இல்லடா. உள்ள இன்னா வெச்சிக்கீறானோ?”

மற்றவர்கள்தான் அவரைச் சமாதானம் செய்தார்கள். காரணம் இருந்தது. காற்று நாள், சாவு, திருவிழா என்று ஏரி மூடினால் எல்லார் முறையும் தள்ளிப்போகும். “இன்னிக்கி யார் பாடு?” என்ற சண்டையில் துடுப்பால் மண்டை உடைந்த கதை எங்களிடம் நிறைய உண்டு. தேதி போட்ட காகிதம் இருந்தால் சுவரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

யார் முறை எப்போது என்று தீர்மானிக்கிற சீட்டு எப்போதும் போல் பானையில்தான். அதை நான் தொடவில்லை. எங்கள் சீட்டில் பெயர் எழுதுவது கிடையாது. ஒவ்வொருவனும் தன் அடையாளம் ஒன்றைப் போடுவான்: சிப்பி, பீடித்துண்டு, வலைக்குண்டு, கந்தல்துணி. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் எடுப்பார். எடுத்த வரிசையிலேயே கயிற்றில் கட்டி, வருஷம் முடியும்வரை கோயில் உத்தரத்தில் தொங்கவிடுவார்கள்.

அந்த வரிசையில்தான் பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டினேன். ஆனால் ஆள் ஆளாய் வந்து, “என் பேரு போட்டியா? எதுக்கும் இன்னோரு தபா போடு” என்று நச்சரித்தார்கள். எவன் பெயர் இரண்டு தடவை விழுந்தது என்றே தெரியாமல் போயிற்று. அதற்கென்ன, மறுபடி வந்ததை அடிக்கத்தான் புரோகிராம் இருக்கிறதே என்று, வழக்கம்போல் அந்த ஓர் எழுத்தைத் தட்டினேன். படகில் ஒரு நம்பர் இரண்டு படகுக்கு இராது. மனிதரில் ஒரு பெயர் ஒன்பது பேருக்கு இருக்கும். முதல் ஏழுமலையை வைத்துக்கொண்டு மற்ற எட்டையும் அது சுத்தமாகத் துடைத்துவிட்டது.

கிழிந்த காகிதத்தோடு கொட்டகைக்கு வந்து ஒரே உட்காரலில் இதைக் கண்டுபிடித்தேன். மெட்ராசுக்கு ஓடவில்லை, எவனையும் கேட்கவில்லை. மெஷின் நான் சொன்னதைத்தான் செய்தது. பிளாப்பி பேரில் பழி போடச் சொன்னவர்களும் உண்டு. சும்மா கொடுத்த மனிதர்மேல் பழி போடுகிற வம்சத்தில் நான் பிறக்கவில்லை.

மறுபடி வந்ததை அடிக்கிற புரோகிராமை ஓடவிடாமல் எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு தடவை என்று பெயர்களைப் புதிதாகத் தட்டினேன். ஒன்பது ஏழுமலையும் திரும்பி வந்தார்கள். ஆனால் எந்தத் தேதி எந்த ஏழுமலைக்கு?

கன்னியம்மா இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“ஏன்யா, நான் சந்துல நின்னுகினு ஏழுமலன்னு கூவுனா எத்தினி கதவு தொறக்கும்?”

“அத்தினியும் தொறக்கும்.”

“அப்ப பேரு சொல்லி எவனாச்சும் எவனையாச்சும் கூப்புட்டுக் கீறானா இந்த ஊர்ல? பட்டப்பேர போடு.”

“அடி வாங்கிவெக்கப் பாக்கறியா?”

“இப்ப மட்டும் இன்னா, மாலையா போட்டாங்க?”

கயிற்றில் தொங்கிய ஊர்

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கூட்டம் நடக்கும் வலைக் கொட்டாய்க்கே போய்விட்டேன். பழவேற்காடு பஜாரில் ஐஸ் வியாபாரம் செய்யும் பாய், தன் ஜெனரேட்டரைத் தோணியில் அனுப்பினார். கூடவே தானும் வந்தார், வேடிக்கை பார்க்க.

ஊரே கூடிவிட்டது. பெரியதனக்காரர் பாயில் உட்கார்ந்து வெற்றிலை மென்றார்.

“இன்னா, மெஷினுக்குக் கடைசியா ஏரியக் காட்ட இஸ்துகினு வந்தியா?”

“மெஷின் ஏரிய பாத்தாச்சி மாமா. இன்னிக்கி ஊர பாக்கட்டும்.”

பூசாரியிடம் கோயில் உத்தரத்திலிருந்து கயிற்றை இறக்கிக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு அடையாளமாய்த் தூக்கிக் காட்டினார். அடையாளத்துக்கு உரியவன் முன்னால் வந்து பெயர் சொல்லவேண்டும். வேறு பெயர்க்காரர்கள் சிக்கலில்லாமல் போனார்கள்.

நத்தை ஓடு வந்தது. பெரியதனக்காரருடையது. ஏழுமலைகளில் முதலாவது. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

“எல்லாரும் பாத்துக்கோங்க. கிழிச்ச பேப்பர்ல ஒரே ஏழுமல இருந்தான் இல்ல? பானையில மொதல்ல வந்த ஏழுமல அவன். நத்த ஓடு. எட்டு பேரு பாட்ட முழுங்குனவன் நான்னா, அந்தப் பேப்பர் கணக்குல நான் இல்ல. மாமாதான்.”

பாய்தான் முதலில் சிரித்தார். “அடேயப்பா, கேஸு திரும்பிடுச்சே!”

பெரியதனக்காரர் வெற்றிலையைத் துப்பினார். “சரி, நான் முழுங்கல, நீயும் முழுங்கல. இப்ப எப்பிடி போடுவ?”

“பேருக்குப் பக்கத்துல பட்டப்பேரு. உங்குளுது சொல்லுங்க.”

“பெரியதனம்னு போடு.”

“அது பதவி மாமா. வருசம் திரும்புனா வேற ஆளு உக்காருவான்.”

“அப்ப பொறவு பாத்துக்கலாம். மத்தவன முடி.”

அந்த வரியைக் காலியாக விட்டு மேலே போனேன். அடுத்த ஏழுமலை நெளிந்தான். பின்னாலிருந்து அவன் பெண்டாட்டியே கத்தினாள்: “ரெண்டுபீடின்னு போடுண்ணே! ஒண்ணு வாயில, ஒண்ணு காதுல!” கொட்டாய் குலுங்கியது. அடுத்தவன் உப்புமூட்டை. அதற்கடுத்தவன், “சினிமான்னு போடு, பெருமதான்” என்று தானே சொல்லிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். தூங்குமூஞ்சி என்ற ஏழுமலையை எழுப்பித்தான் கேட்கவேண்டியிருந்தது.

வலைக்குண்டு வந்தது. அது என்னுடையது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்த பெரியதனக்காரரே அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார். எனக்கு எதிரே சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மூணாங்கிளாசு” என்று நானே உரக்கச் சொன்னேன். “மூணு போட்டு, கிளாசு. தட்டிட்டேன். சிரிக்கறவன் சிரிச்சிக்கோ. மூணாங்கிளாசு படிச்சவந்தான் இந்த மெஷின ஓட்டறான். எட்டாங்கிளாசு படிச்சவன் யாராச்சும் இருந்தா முன்னால வா.”

ஒருவனும் வரவில்லை. ஒருவனும் சிரிக்கவும் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

காலியாக நின்ற வரி

கயிறு முடிந்தது. காலி வரி ஒன்று மட்டும் திரையில் நின்றது. பச்சைப் புள்ளி ஒன்று அங்கே கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய பட்டப்பெயர் ஊருக்கே தெரியும். அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. வாலிபத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தைத் தோணியில் ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் பக்கம் போனவர், ஆழம் தெரியாமல் சேற்றில் ஏற்றிவிட்டார். பெண்வீட்டார் பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு நடந்துதான் கரையேறினார்கள். தோணிக்காரனுக்கு அதைவிட அவமானம் எங்கள் பக்கம் கிடையாது.

“மாமா, அமாவாச நாளைக்கி. நீங்க சொல்லாகாட்டி உங்க பாட்டுக்குத் தேதி இல்ல. எனக்கும் வேற வழி இல்ல.”

“வெறும் ஏழுமலன்னே உடு. மத்தவன்லாம்தான் பட்டம் கட்டிக்கினானுங்களே.”

“வெறும் ஏழுமல ஒருத்தன் நின்னா, அந்த வெறும் ஏழுமல நான்தான்னு நாளைக்கி ரெண்டுபீடி வருவான்.”

“நான் வருவேன்” என்றான் ரெண்டுபீடி.

பெரியதனக்காரர் எழுந்தார். போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். போயிருந்தால் காகிதம் முடியாது. முடியாவிட்டால் தீர்ப்பு என் தலையில். அவருக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு நிமிஷம் நடந்தாலே என்னை அவர் ஜெயித்துவிட்டிருக்கலாம்.

அவர் என் பக்கம் வந்து திரையைக் குனிந்து பார்த்தார். வெற்றிலை வாடை என் முகத்தில் அடித்தது.

“கரதட்டி” என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அல்ல. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “போடு. ஏரிக்கே தெரியும், இவனுங்குளுக்கு இன்னா.”

தட்டினேன். பிரிண்டர் அராவ ஆரம்பித்தது. காகிதம் வெளியே வர வர, முறைப்படி முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டே போனேன். ஏழுமலை கரைதட்டி என்று வந்த இடத்தில் எனக்கே நாக்கு கொஞ்சம் தயங்கியது.

“இன்னா நிறுத்திட்ட? படி” என்றார்.

படித்தேன். தேதியோடு படித்தேன். ஒன்பது ஏழுமலைக்கும் ஒன்பது தேதி. பிரிண்டர் நின்றதும், மெஷினை ஏரியில் இறக்கத் தயாராய்க் கட்டியிருந்த தோணியில் பாய் தன் ஜெனரேட்டரை ஏற்றினார்.

பெரியதனக்காரர் காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தார்.

“இதுல என் பேரு எது?”

விரலை வைத்துக் காட்டினேன். கட்டைவிரலால் அந்த வரியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்தார்.

“உன்னுது எது?”

அதையும் காட்டினேன். அளந்தார்.

“என்னுதுதான் நீட்டு” என்று ஊரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே கோந்து தடவி, போய்ச் சுவரில் ஒட்டினார்.